ஒரு இஞ்ச் பெரிய ஹெல்மெட்

என் குட்டிக்கு,

நானும் அப்பாவும் நல்லா இருக்கோம். நீ வேளைக்குச் சாப்பிடுறியா, தூங்குறியான்னு கேட்டா ஒப்புக்கு உம் கொட்டாம நிஜத்தை எழுது. இந்தச் சேதியை போன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா நடுவுல நூறு கேள்வி கேட்டு என்னைக் குழப்பிடுவ, அதான் பேப்பரை எடுத்துட்டேன். வண்டி வாங்கிட்டேன்டி. ஐம்பத்தி மூணு வயசுல உங்கம்மா மோட்டார் சைக்கிள்காரி ஆயிட்டா. வாசல்ல நிக்குது, இந்த நாலு வரி எழுதுறதுக்குள்ள மூணு தடவை எழுந்துபோய்ப் பார்த்துட்டு வந்துட்டேன்.

ஆஸ்பத்திரித் தையல் ரூம்ல மேற்பார்வை வேலை கிடைச்சதைத்தான் சொன்னேனே, காலைல ஆறு மணிக்கு அங்க இருக்கணும். அஞ்சேகால் பஸ்ஸை நிறுத்திட்டாங்க, அடுத்தது ஏழு மணிக்குத்தான். ஒண்ணாந்தேதி நேரத்துக்கு வரலைன்னா வேற ஆளைப் போட்டுக்குவோம்னு கறாரா சொல்லிட்டாங்க. இத்தனை வருஷம் அடுத்தவங்க கடை மூலையில உக்கார்ந்து தச்சவளுக்குத் தனி மேஜை, பத்து மெஷின், இதை ஒரு பஸ்ஸுக்காக விட்டுட முடியுமா. உங்கப்பாவோ டிப்போவுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆன மனுஷன், அந்த பஸ் திரும்ப வந்துடும்னு இன்னும் நம்புறார். போன லீவுல நீ எனக்கு கிளட்ச் பழக்கிவிட்டதை ஏதோ விளையாட்டுன்னு நினைச்சுட்டிருந்தவர், லைசென்ஸை நீட்டினதும் முகம் வெளுத்துட்டார். நீ ஓட்டுறதை நான் பார்க்கவும் மாட்டேன், பின்னாடி ஏறவும் மாட்டேன்னு சொல்லிட்டு பேப்பரை விரிச்சு மூஞ்சியை மறைச்சுக்கிட்டார். கோபம்னா நானும் ரெண்டு பேச்சு பேசியிருப்பேன், அவர் பயந்துபோயிருந்தார், அதான் எனக்குத் தாங்கலை.

நீ படம் அனுப்பின சிவப்பு வண்டியை முதல்ல போய்ப் பார்த்தேன். என்ன அழகு, ஆனா ஏறி உக்கார்ந்தா கால் கட்டைவிரல் மட்டும்தான் தரையைத் தொடுது. கடைக்காரர் போகப்போகப் பழகிடும்னார், கூட வந்த மெக்கானிக் அண்ணன் பழகுறதுக்குள்ள விழுந்துடுவீங்கன்னார். கடைசில அவர் ஷெட்டுலயே ஒரு டீச்சர் ஓட்டிட்டு விக்கிறதுக்கு விட்டிருந்த கறுப்பு வண்டி கிடைச்சுது, சின்ன இன்ஜின், ரெண்டு பாதமும் பதிஞ்சு நிக்குது. இன்ஜின் சூடா இருந்தா நோய் தெரியாதுன்னு மறுநாள் காலைல வரச்சொல்லி, ஆறிக் கிடந்ததை என்னையே ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், ஒரே உதைல பிடிச்சுக்கிச்சு. பின் டயரை மட்டும் புதுசா மாத்தினோம். கையில இருக்கிற பணம் மொத்தத்தையும் வண்டியில போட்டுடாதே, தலைக்கும் கைக்கும் காலுக்கும் மிச்சம் வைன்னு நீ படிச்சுப் படிச்சு சொன்னதை அப்படியே கேட்டேன்.

கேட்டும் என்ன பிரயோஜனம், ஹெல்மெட்டுல கோட்டை விட்டேன். டேப்பை எடுத்து தலையை அளந்தேனா, அளந்த கையோட, பழக்கதோஷம், தாராளமா இருக்கட்டும்னு ஒரு இஞ்ச் சேர்த்துச் சொல்லி வாங்கிட்டேன். போட்டுக்கிட்டு வலப்பக்கம் திரும்பினா நான் மட்டும் திரும்புறேன், அது முன்னாடியே பார்த்துட்டு நிக்குது. சரி, நம்ம கையில இல்லாத வித்தையான்னு உள்ள பஞ்சு வச்சுத் தச்சேன். மெக்கானிக் அண்ணன் பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டார், இது ஜாக்கெட் இல்லக்கா, கன்னத்தைக் கவ்விப் பிடிக்கணும், விழுந்தா பஞ்சு காப்பாத்தாதுன்னார். பஞ்சைப் பிரிச்சு எடுத்துட்டுக் கடைக்குக் கொண்டுபோனா, ஊசி ஓட்டை இருக்கு, திரும்ப எடுக்க மாட்டோம்னுட்டாங்க. வேற வழியில்லாம சரியான அளவுல இன்னொண்ணு வாங்கினதுல, வண்டி ஓட்டுறப்ப போடுற கோட்டுக்குன்னு வச்சிருந்த பணம் போயிடுச்சு. முழங்கைக்கும் தோளுக்கும் வைக்கிற தடுப்பு அட்டையை மட்டும் வாங்கி, பை தைக்க வச்சிருந்த கெட்டி கான்வாஸுல நானே கோட்டு தச்சேன், எல்லா இடத்துலயும் ரெட்டைத் தையல். கடைக் கோட்டுக்கு ஈடாகாதுதான், முதல் சம்பளத்துல அதை வாங்கிடுவேன். பேன்ட்டுக்கு உன் பழைய ஜீன்ஸை மடிச்சடிச்சுட்டேன், திட்டாதே.

ஒண்ணாந்தேதி காலைல அஞ்சு மணிக்கு வண்டியை வெளிய எடுக்கிறேன், சந்தோஷமா பயமான்னே தெரியலை. திரும்பிப் பார்த்தா உங்கப்பா வாசல்ல நிக்கிறார், தலையில அந்தப் பெரிய ஹெல்மெட். அவர் தலைக்கு அளவெடுத்து வாங்கின மாதிரி கச்சிதமா உக்கார்ந்திருக்கு. என் மூஞ்சியைப் பார்க்காம கைக்கடிகாரத்தைப் பார்த்து, ரெண்டு நிமிஷம் லேட்டு, எடுன்னார். ஏறி உக்கார்ந்து ரெண்டு தோளையும் பிடிச்சவர் ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் விடலை. நான் கையெழுத்துப் போட்டப்ப ஆறுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு. அவர் ஹெல்மெட்டைக் கையில மாட்டிக்கிட்டு பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிட்டார்.

நீ மகராசியா இரு, எடுத்த காரியமெல்லாம் கைகூடி வரட்டும். உன் ஹெல்மெட் வாரை மாட்டாம கிளம்பாதே, பக்கத்துத் தெருதானேன்னு சாக்கு சொல்லாதே. முதல் நாளுங்கிறதால அப்பா வந்தார்னு நினைச்சேன். இன்னியோட ஒன்பது நாள் ஆச்சு, தினமும் எனக்கு முன்னாடி வாசல்ல நிக்கிறார். என் கோட்டுத் தோள்பட்டையில அவர் பிடிக்கிற இடம் நூல் விட ஆரம்பிச்சிருக்கு, இதை முடிச்சிட்டு அதை உக்கார்ந்து தைக்கணும்.

ஆசீர்வாதங்களோட,
உன் அம்மா