அப்பா சந்தனம் வச்ச பிரிண்டர்

கொல்லயில் கிராமம்,
விஜயதசமி, மத்தியானம்.

என் பொன்னு மகள் பிரசீதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்க ஒரு குறையும் இல்லாம இருக்கோம். நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நல்லா உறங்கி, முகம் வாடாம இருக்கணும்னு விளக்குக்கு முன்னால சொல்லிட்டுத்தான் இதை எழுத உக்காந்திருக்கேன். இந்தக் காலத்துல என்னத்துக்கு அம்மாவுக்குக் கடிதம்னு நீ சிரிப்பே. போன்ல பேசினா நீ கிளாஸ் இருக்குன்னு வச்சிருவே, இல்லேன்னா நான் அழுதிருவேன், ரெண்டும் காரியத்துக்கு ஆகாது. இது பிரிண்டர்ல தாள் வைக்கிற தட்டுக்குள்ள இருக்கும். இதை எடுக்காம நீ தாள் வைக்க முடியாதுல்லா, அப்போ வாசிச்சுத்தானே ஆகணும், எப்படி என் புத்தி!

முதல்ல ஒரு காரியம் சொல்லிருதேன் மக்கா, இனியும் மனசுல வச்சுட்டுத் திரிய என்னால முடியல. ஓணத்துக்கு நீ ஹைதராபாத்துல இருந்து வந்து இறங்கினப்போ உன் கையில ஹாஸ்டல் பக்கெட்டு இருந்துது. ஓணத்துக்கு வாற பிள்ளை எவளாவது குளிக்கிற பக்கெட்டைத் தூக்கிட்டு வருவாளா? நேரே கொண்டுபோய்க் கிணத்தடியில வச்சே. அந்த நீல பக்கெட்டைப் பாத்ததும் எனக்கு விளங்கிட்டு, பிள்ளை திரும்பிப் போக வரல்லன்னு. பின்ன அடுக்களையில தேங்கா திருவிட்டு இருக்கும்போதான் நீ வாய் திறந்தே, கிளாசுல எல்லாரும் மளமளன்னு இங்கிலீஷ் பேசுதாவ, எனக்கு நாக்கு எழும்பல, நாள் முழுக்க ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம படுத்த நாளெல்லாம் உண்டும்மான்னு. போன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல, போகாதேன்னு சொல்லவும் வரல. பாறசாலையில ஊரு பிள்ளைகளுக்கெல்லாம் புத்தி சொல்லுத டீச்சராக்கும் நான், சொந்தப் பிள்ளைக்கு முன்னால தேங்காயையே திருவிட்டு நின்னேன். லீவு முடிஞ்சதும் நீயா பேக் கட்டினே, நீயா வண்டி ஏறினே. பக்கெட்டை மட்டும் கிணத்தடியில விட்டுட்டுப் போனே. மறந்துட்டுப் போனியா, இல்ல திரும்பி வரத்தான் போறோம்னு விட்டுட்டுப் போனியான்னு நானும் அப்பாவும் பேசாத நாளில்ல.

அப்படி இருக்கும்போதாக்கும் நீ போன் பண்ணினே. ஹாஸ்டலை விட்டுட்டு ஒடிசாவுல உள்ள ஒரு ஒடியாக்காரப் பிள்ளைகூட வெளிய ரூம் எடுத்திருக்கேன், ஒரு தாள் பிரிண்ட் எடுக்கணும்னாலும் பஸ் ஏறிப் போவணும், லேப்டாப்புலயே வாசிச்சா தலை வலிக்கு, கொறஞ்ச விலையில எந்த பிரிண்டர் கொள்ளாம், எதை வாங்கலாம்மான்னு கேட்டே. போனை வச்சுட்டு ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் பாக்கப் பாக்க நான் தனியா சிரிச்சேன். வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். ஓடி வரப்போற பிள்ளை பிரிண்டர் கேக்குமாடீன்னு சொல்லிட்டு, முகம் கழுவப் போன மனுஷன் கொஞ்ச நேரம் வெளிய வரவே இல்ல.

ஆன்லைன்ல வாங்கினா நேரே ரூமுக்கே வந்திரும்னு நீ சொன்னே, சரிதான். ஆனா அப்பாவைத் தெரியாதா, மண்சட்டி வாங்கினாலும் தட்டிப் பாத்துல்லா வாங்குவாவ. ஆரியங்கோட்டுத் தோட்டத்துல மழையில ரப்பர் வெட்டு முடங்கிக் கிடக்கு, அப்பாவுக்கும் வேலை இல்ல, ரெண்டு பேருமா நெய்யாற்றின்கரைக்குப் போனோம். கடைக்காரன் ஒரு கலர் பிரிண்டரை எடுத்து வச்சு, விலை தீரக் குறைவாக்கும் சேச்சின்னு சொல்லி, ஒரு மயிலு படம் அடிச்சுக் காட்டினான். அவ்வளவுதான், அப்பா அந்த மெஷினைக் கன்னுக்குட்டியைத் தடவுத மாதிரி தடவத் தொடங்கிட்டாவ. எனக்குத் தெரியாதா மக்கா அந்தச் சதி! மெஷின் விலையைக் கொறச்சுக் காட்டுவான், பின்ன மை வாங்கப் போனா கண்ணு தள்ளிரும். எங்க பள்ளிக்கூடத்துல அப்படி ஒண்ணு உண்டு. கோடை லீவுக்குப் பூட்டிட்டு ஜூன்ல திறந்தா மை காய்ஞ்சு வாயடைச்சுக் கிடக்கும், கேள்வித்தாள்ல ஒரு வரி வந்தா ஒரு வரி வராது. நீ லீவுக்கு இங்க வந்துட்டா உன் ரூமும் பூட்டித்தானே கிடக்கும்? அதனால தூள் போடுத லேசர்தான் வேணும், கறுப்பு மட்டும் போதும்னு ஒரே பிடியா நின்னேன். தூள் எத்தனை நாள் கிடந்தாலும் காயாது, ஒரு தாளுக்கு ஆகுத செலவும் கம்மி. கலர் எப்பவாவது வேணும்னா கடையில எடுத்துக்கோ. உன் கட்டுரைக்கு மயிலு எதுக்கு? வயர் இல்லாம ஓடுதது இன்னும் விலை கூடுதல், வயரு குத்தினா உன் கை தேய்ஞ்சா போகும்? அப்பா முகம் தொங்கிப்போச்சு. பாவமேன்னு, மூடியைத் திறந்து காப்பி எடுக்குத கண்ணாடி உள்ளதா ஒண்ணு பாத்து வாங்கி சமாதானப்படுத்தினேன். விலையை நீ கேக்க வேண்டாம், நம்ம கைக்கு அடங்கினதுதான்.

அந்தக் கண்ணாடிதான் வினையாப்போச்சு. அஷ்டமி சாயங்காலம் பூஜைக்கு வச்சோம். என் சாக்பீஸ் டப்பா, அப்பாவுக்க ரப்பர் வெட்டுத கத்தி, உன் பழைய புத்தகம் எல்லாத்துக்கும் நடுவுல உன் பிரிண்டர் கல்யாணப் பெண்ணு மாதிரி இருந்துது. தசமி காலையில பூஜையெடுக்குத வரைக்கும் தொடக்கூடாதுன்னு உனக்குத் தெரியும்லா, அதனால ஒருத்தரும் தொடல. இன்னைக்குக் காலையில எடுத்து, ஓடுதான்னு பாக்க உன் மார்க் ஷீட்டை வச்சு ஒரு காப்பி எடுத்தேன். நடுவுல பெரிசா ஒரு கறுப்பு வட்டம்! மூடியைத் திறந்து பாத்தா, கண்ணாடியில சந்தனத்தை அப்பி அதுமேல குங்குமமும் வச்சிருக்காவ உன் அப்பா. கேட்டா, வெளிய எல்லாம் பிளாஸ்டிக்தானே, இதானே அதுக்க முகம்னு சொல்லுதாவ. சந்தனம் கல்லு மாதிரி காய்ஞ்சு பிடிச்சிருக்கு. நான் ஒரு மெத்துன்னு உள்ள துணியை நனைச்சு எடுத்துட்டு வாறதுக்குள்ள, பாத்திரம் தேய்க்குத பச்சை நாரைக் கொண்டு தேய் தேய்னு தேய்ச்சுட்டாவ. சந்தனம் போச்சு, கண்ணாடியில கீறல் விழுந்துட்டு. நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு ஜெயன் ஓடி வந்துட்டான். அப்பா ஒண்ணாம் கிளாசுப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிட்டு நின்னாவ. அதனால மக்கா, லேப்டாப்புல இருந்து அடிச்சா ஒண்ணும் தெரியாது, காப்பி எடுத்தா மட்டும் தாளுக்கு நடுவுல மங்கலா ஒரு பொட்டு விழும். பழுதுன்னு நினைச்சு எவன்கிட்டயும் கொண்டுபோய்க் கொடுத்திராதே. யாராவது கேட்டா எங்க அப்பா வச்ச பொட்டுன்னு சொல்லு.

கோபத்துல நான் அடுக்களைக்குப் போய் சாயா போட்டேன். போட்டுட்டு இருக்கும்போ மெஷின் ஓடுத சத்தம். இன்னும் என்ன செய்யுதாவளோன்னு வந்து பாத்தா, கண்ணாடிமேல தன் கையை விரிச்சு வச்சு ஒரு காப்பி எடுத்திருக்காவ. வருஷாவருஷம் பூஜையெடுத்து நீ அரிசியில ஹரிஸ்ரீ எழுதி முடிச்சதும் உன் தலையில வைக்குத கையாக்கும் அது. இந்த வருஷம் தலை இங்க இல்லியே, நான் எங்க கொண்டு வைக்கன்னு என்கிட்ட கேட்டாவ. சாயாவை அப்பா கையில கொடுத்துட்டு அந்தத் தாளை வாங்கிப் பாத்தேன் மக்கா. ரேகை, கத்தி வெட்டின தழும்பு, நடுவுல அந்தப் பொட்டு, எல்லாம் தெளிவா விழுந்திருக்கு. இந்தக் கடிதத்துக்கு அடியில அந்தத் தாள் இருக்கு, எடுத்து ஒரு தடவை தலையில வச்சுக்கோ.

பெட்டியை ஜெயன் கொண்டு வாறான். பூஜை லீவு முடிஞ்சு இன்னைக்கு சாயங்காலம் அவன் ஹைதராபாத்துக்கு வேலைக்குத் திரும்புதான். தலைகீழா வைக்கக் கூடாதுன்னு அவன் காதுல ஓதியிருக்கேன். தரையில வைக்காதே, ஒரு ஸ்டூல் போட்டு வை, வேலை முடிஞ்சா ஒரு துணியைப் போட்டு மூடு. தாளைத் திறந்து போடாதே, ஈரம் பிடிச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிச் சிக்கிக்கும். சிக்கினா பிடிச்சு இழுக்காதே, ஆஃப் பண்ணிட்டு மெல்ல எடு. பின்ன இன்னொண்ணு, மெஷினை வாசல் பக்கமா வை. அந்த ஒடியாப் பிள்ளையும் எடுக்கட்டும், பக்கத்து ரூம் பிள்ளைகளும் வந்து எடுக்கட்டும், தாள் மட்டும் அவளுக கொண்டு வரட்டும், காசுக்கு நிக்காதே. எங்க சுஜா டீச்சர் புதுசா வந்தப்போ வாயே திறக்க மாட்டா. பிரிண்டர் என் மேசைக்குப் பக்கத்துலல்லா இருக்கு, அதுக்கு வந்து நின்னு நின்னு பேச்சு தொடங்கிச்சு, இப்போ நான் ஒரு வார்த்தை நடுவுல சொல்லணும்னா கையைத் தூக்கணும். இங்கிலீஷை நினைச்சுப் பயப்படாதே. தாள் சிக்கினா எல்லாரும் அவவ பாஷையிலதான் திட்டுவா.

கடைசியா ஒண்ணு. அம்மாவும் அப்பாவும் பிரிண்டர் வாங்கித் தந்துட்டாவளேன்னு நீ அங்க கிடந்து வெந்து நீற வேண்டாம். படிச்சு முடிச்சா எனக்குச் சந்தோஷம், பெரிய சந்தோஷம், பொய் சொல்லல. ஆனா தாங்க முடியலேன்னா அதை அந்த ஒடியாப் பிள்ளைக்கே கொடுத்துட்டு வண்டி ஏறு. நானும் அப்பாவும் ஸ்டேஷன்ல நிப்போம், ஒரு கேள்வி கேக்க மாட்டோம். ஓணத்துக்கு நான் சொல்ல வேண்டிய பேச்சாக்கும் இது, இப்பத்தான் வாய் வந்துது.

உனக்கு ஒரு குறையும் வராது, நல்லா இருப்பே என் மக்கா. மறந்திராம இது ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லு. உன் நீல பக்கெட்டு இப்பவும் கிணத்தடியில கவுத்துத்தான் இருக்கு. துணி அலச எடுக்கப் போனா, பிள்ளை வந்து கேட்டா என்ன சொல்லுததுன்னு அப்பா விட மாட்டேங்காவ. நீ அங்க புது பக்கெட்டு வாங்கிட்டியா? வாங்கிட்டேன்னா இதை நான் எடுத்துக்கிடுதேன். வாங்கலேன்னா அது அங்கேயே இருக்கட்டும், நான் தொடல.

உன் பதிலுக்குக் காத்து நிக்கிற அம்மா,
சத்யபாமா.