கிழங்குக் குழிக்கு ஒரு சிலுவை

1993 ஜூன் 7, திங்கள்

போலந்திலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். 1940-இல் நம் அரசாங்கத்தால் இந்தக் காட்டுக்குக் கடத்தி வரப்பட்டு, மரம் வெட்டியே செத்த அவர்கள் சனங்களுக்குச் சிலுவை நடவேண்டுமாம். கல்லறை எங்கே என்று ஊர்த் தலைவர் மத்வேய்க்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. மாவட்ட அதிகாரியின் கார் போகிற இடமாக இருந்தால் போதும்.

“செத்தவங்க எங்க கெடந்தா என்ன, ஃபாயினாம்மா? பஸ் நிக்கிற எடத்துப் பக்கமா நாலு மேடு இருந்தாப் பாருங்க.”

ஊராட்சி எழுத்தரான எனக்கு இதுவும் ஒரு வேலை.

ஜூன் 9

மேடு கிடைத்துவிட்டது. உணவுக்கூடத்துக்குக் குளிர்காலக் கிழங்கைப் புதைத்து, மேலே மண் குவித்து வைத்த பழைய உருளைக்கிழங்குக் குழிகள். புல் வெட்டி, வேலி போட்டு, நீலச் சாயமும் அடித்தாகிவிட்டது. எந்தக் கிழங்குக்கும் இவ்வளவு மரியாதை நடந்ததில்லை.

உண்மையான இடம் எனக்குத் தெரியும். சதுப்பைத் தாண்டி மூன்று கிலோமீட்டர். வாயைத் திறந்தேனா? இல்லை. பிணவண்டி ஓட்டியவர் என் அப்பா. ஏழு வயதில் நானும் அதில் ஏறிப் போயிருக்கிறேன்.

ஜூன் 15

வந்தார்கள். மாவட்ட அதிகாரி நட்புறவைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அவரை மட்டும் கொசு கடிக்கவில்லை. தொழில் மரியாதை போலும்.

கூட்டத்தில் யத்விகா என்றொருத்தி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். சிறுமியாக இங்கே இருந்தவள். கிழங்குக் குழி ஓரம் மண்டியிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள். “ஸ்டாஷூ... ஸ்டாஷூ...” நிறுத்தவே இல்லை.

எப்படிப் பாத்துக்கிட்டு நிக்கிறது? சொல்லிட்டேன்.

“எந்திரிங்கம்மா. அது கெழங்குக் குழி. ஒங்க தம்பி இங்க இல்ல.”

“வெயில் ஒத்துக்கல, பாவம்,” என்றார் மத்வேய். வானம் மூடிக்கிடந்தது.

ஜூன் 16

எனக்குக் கட்டாய விடுப்பு. நல்லது, நடக்க நேரம் கிடைத்தது.

யத்விகாவைச் சதுப்பு வழியாகக் கூட்டிப்போனேன். இரண்டு முறை முழங்கால்வரை புதைந்து, தன் மொழியில் ஏதோ சொன்னாள். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பைன் மரங்களுக்கிடையே வரிசையாகப் பள்ளங்கள். அந்தக் காலத்தில் சிலுவை நட விடவில்லை, மரப்பட்டையில்தான் செதுக்கினார்கள். அந்தக் கீறல்கள் மரத்தோடு வளர்ந்து உள்ளங்கை அகலமாகியிருந்தன. அவள் ஒவ்வொன்றாகத் தடவி, ஒன்றின் அடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“வண்டி ஓட்டுனது எங்கப்பா,” என்றேன்.

“தெரியும். நேத்தே பாத்தேன், அதே மூக்கு.” பள்ளத்தைக் காட்டிச் சொன்னாள்: “எங்கம்மாவால மண்ணைக் கொத்த முடியல. அவருதான் கடப்பாரையை வாங்கிக் குழி வெட்டுனாரு. அவரு மேல கோவமில்ல. வண்டியில ஒரு பொண்ணு உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டிருந்தா. அவ மேலதான்.”

“இன்னுமா?”

“இன்னும்தான்,” என்றாள். பிறகு தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினாள்.

ஆகஸ்ட் 22

யத்விகா உட்கார்ந்த இடத்தில் நடுவதற்காக, ஊர் மரம்வெட்டிகள் கிழங்குக் குழிச் சிலுவையைத் தோளில் சுமந்து சதுப்பைக் கடந்தார்கள். மாவட்ட அதிகாரிக்குக் கால்வலி.

செப்டம்பர் 3

மத்வேய் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. அவருடைய தாத்தாவையும் 1930-இல் உக்ரைனிலிருந்து இங்கேதான் கொண்டுவந்து தள்ளினார்களாம். இத்தனை வருஷம் மனைவியிடம்கூடச் சொல்லவில்லையாம்.

“அவரும் அங்கதான் இருப்பாரா, ஃபாயினாம்மா?”

ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன்.