பெயரின் வால்

மார்ச் 3, திங்கள்
மருத்துவமனை மருந்தகத்துக்கு நான் எழுதிய மென்பொருள் இன்று ஓடத் தொடங்கியது. வேலையை வாங்கித் தந்தது அங்கே மருந்தாளராக இருக்கும் அக்கா. "என் தம்பி எழுதினா கண்ணை மூடிட்டு நம்பலாம்" என்று மேலாளரிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

மார்ச் 4
அக்கா போன் செய்தாள். "டேய், மருந்துப் பேரெல்லாம் பாதியில நிக்குது. அஞ்சு மில்லிகிராமா அம்பதான்னே தெரியல."
பெயர் நீளமானால் பட்டியலில் அதற்கான கட்டம் தானாக விரிய வேண்டும். என் திரையில் ஒழுங்காக விரிகிறதே. "உன் கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறுக்கா" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 5
பட்டியல் நிரம்பும் முன்பே மென்பொருள் கட்டத்தின் அகலத்தை அளக்கிறதோ? இல்லை. எழுத்துருவா? அதுவும் இல்லை. என்னிடம் மட்டும் நல்ல பிள்ளையாக நடக்கிறது, பாவி.

மார்ச் 6
சாப்பிடும்போது அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் எழுந்து போனதும் அம்மா சொன்னாள் — ஐந்துக்குப் பதில் ஐம்பதை எடுத்துவிட்டாளாம். கொடுக்கும் முன் மாத்திரை அட்டையைப் படித்ததால் தப்பியது. நாளைக்குள் சரியாகாவிட்டால் பழைய மென்பொருளுக்கே போய்விடலாம் என்றாராம் மேலாளர்.
அதற்குப் பிறகு ஒவ்வொரு அட்டையையும் இரண்டு முறை படித்தாளாம் அக்கா. என்னத்தப் பண்ணி வச்சிருக்கேன் நான்...

மார்ச் 7
மருந்தகத்துக்கே போனேன். அக்காவின் திரை சின்னது. என் மேசையில் இருப்பதோ பெரிய திரை, அதையும் நிறைய வரிகள் தெரியட்டும் என்று செங்குத்தாகத் திருப்பி வைத்திருக்கிறேன். என் சோதனைப் பட்டியல் அதில் முழுசாக அடங்கிவிடும்.
அக்கா பட்டியலைக் கீழே உருட்டினாள். மேலே இருந்த பெயர்கள் முழுசு. கீழே நீளமான பெயர்களுக்கெல்லாம் வால் இல்லை.
அட! வேகத்துக்காக, திறந்ததும் கண்ணில் படுகிற வரிகளை மட்டும்தான் அது அளக்கிறது. என் திரையில் எல்லாமே கண்ணில் பட்டது.
"கோளாறு உன் கம்ப்யூட்டர்ல இல்லக்கா. என்கிட்டதான்."
"அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள், சிரிக்காமல்.
எல்லா வரிகளையும் அளக்கும்படி அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். பட்டியல் திறக்கக் கொஞ்சம் தாமதமாகிறது. ஆகட்டும்.

மார்ச் 8
என் திரையைக் கிடைமட்டமாகத் திருப்பி வைத்தேன். இனி எனக்கும் எல்லா வரிகளும் ஒரேயடியாகத் தெரியாது.

மார்ச் 12
மழை. அக்காவுக்குக் குடை கொடுக்கப் போனேன். திரையில் பெயரை வால்வரை படித்தாள், மருந்தை எடுத்தாள், அட்டையைத் திருப்பி அதையும் படித்தாள்.
"இன்னுமா அட்டையைப் பாக்கற?"
"உன்னை நம்பறேன்டா. அதுக்காகக் கண்ணை மூடிக்க முடியுமா?"
மேலாளர் உள்ளிருந்து சிரித்தார். அக்கா குடையை வாங்கிக்கொண்டு அடுத்த மருந்துச் சீட்டைக் கையில் எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.