தலையில் துணி கட்டியவள்

அக். 7, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். அமீர்பேட்டில் மெட்ரோ மாறும்போது செருப்பு வார் அறுந்தது. ஆபீஸ் வரை இழுத்துக்கொண்டே.

இன்று 11 ஓவியங்கள். பார்வையற்ற மாணவர்கள் காதால் கேட்க, படத்தில் இருப்பதை எழுதித் தர வேண்டும். முதலில் படம் மட்டும். எழுதிய பிறகே அலமாரியிலிருந்து தலைப்புத் தாளை எடுத்து ஒப்பிட வேண்டும். கடைசிப் படத்துக்கு ஒப்பிடவில்லை. பசி.

இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியப் படம். இளம்பெண். தலையில் வெள்ளைத் துணி, மடித்துவிட்ட சட்டைக் கை, ஒரு கையில் தட்டு, மறு கையில் அழுக்குத் துணி. 'வேலைக்காரப் பெண்' என்று எழுதினேன்.

சுமதி அக்காவுக்குக் கண் தெரியாது. நாங்கள் எழுதுவதைக் கேட்டுச் சரிபார்ப்பவர். "வேலைக்காரின்னு தாள்ல இருக்காம்மா?"

"ஆமாக்கா."

அக். 9, வியாழன்

வெயில். தலைவலி.

செவ்வாயன்று கடைசியாக எழுதியது ஒரு பெண் ஓவியர் தன்னையே வரைந்துகொண்ட படம். தட்டு இல்லை, வண்ணம் குழைக்கும் பலகை. துணி, தூரிகை துடைக்க. ஒரு பள்ளியிலிருந்து புகார் வந்துவிட்டது.

மேனேஜர் எல்லார் முன்னாலும் சுமதி அக்காவைக் கேட்டார். "நான் பாஸ் பண்ணதுதான் சார்." என் பெயரைச் சொல்லவில்லை.

பக்கத்து வரிசையில்: "கண்ணு தெரியாதவங்கள செக் பண்ண வெச்சா இப்படித்தான்."

நான் திரையையே பார்த்துக்கொண்டு. ச்சே.

அக். 10, வெள்ளி

திங்கள் முதல் சு. அக்கா போன் எடுக்கும் மேசைக்காம். "நக்கோம்மா, வேணாம், மூஞ்ச தூக்கி வெச்சுக்காத. இனி நாள் பூரா ஹலோ ஹலோ" என்று சிரிக்கிறார்.

படத்தைத் திரும்பத் திறந்தேன். பலகையில் ஏழெட்டு வண்ணப் பொட்டுகள். அன்றும் இருந்தவைதான். தலைத் துணியைப் பார்த்ததும் மீதியைப் பார்ப்பதை விட்டிருக்கிறேன்.

அம்மாவும் தூசிக்கு அப்படித்தான் கட்டுவாள். ஆபீஸில் 'அம்மா வீட்டில்தான் இருக்காங்க' என்று சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் 'வேலைக்காரி' என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. நான் யோசிக்காமல் எழுதினேன்.

மாலை அம்மா: "ஏண்டி மூஞ்சி இப்படி இருக்கு? ஆபீஸ்ல ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல."

"சொன்னா சொல்லட்டும். நான் தெனமும் கேக்கறேன்."

அக். 11, சனி

அரை நாள். நேராக மேனேஜர் அறை. தாளைப் பார்க்கவே இல்லை, பார்த்ததாகப் பொய் சொன்னேன் என்றேன். "வியாழக்கிழமையே ஏன் சொல்லல?" எனக்கு வேலை நிரந்தரமாவது தள்ளிப்போகிறது. அக்காவுக்குப் பழைய இடமே.

அக்காவிடமும் சொன்னேன்.

"தெரியும். அன்னிக்கு நீ நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல. அலமாரி சத்தமும் கேக்கல. எனக்கும் வீட்டுக்குப் போற அவசரம், விட்டுட்டேன். கோவம் இருக்கும்மா, இல்லாம இல்ல. உக்காரு, புதுசா எழுது. கேக்கறேன்."

எழுதி வாசித்தேன்.

"தலைல துணி எதுக்கு?"

"முடில பெயிண்ட் படாம இருக்கக்கா. எங்கம்மாவும் கட்டுவாங்க."

"ஹவ், அப்படியா? அம்மா பெயிண்ட் பண்ணுவாங்களா?"

"இல்லக்கா. குகட்பள்ளில நாலு வீட்ல வேலை செய்றாங்க."

பக்கத்து வரிசையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.