தீர்த்தம் கேட்ட பிள்ளை

1966 அக்டோபர் 3, திங்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நாகலிங்கம் கோயில் கமிட்டிக்குத் தலைவன் ஆன நாளிலிருந்து நான் எதுவும் பேசவில்லை. பேசினால் பொறாமை என்பார்கள். பேசாமல் இருந்தால் திமிர் என்கிறார்கள். இனி இங்கேயாவது பேசுகிறேன். இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இந்த நோட்டு இருக்கும் பெட்டிக்குப் பூட்டுகூட வேண்டாம்.

நேற்றுக் கமிட்டிக் கூட்டம். கோயில் கூடத்தில் நடக்கும் கார்தெரியைப் பற்றி. கரும்பு வெட்டப் போகும் பெண்கள் விடிவதற்கு முன்பே தங்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அதை ஆரம்பித்தவன் நான். பாய் வாங்கியது நான். பால்மாவுக்காக எஸ்டேட் ஆபீஸ் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது நான். பள்ளிக்கூடம் விட்டதும் பெரிய பிள்ளைகளை அதே கூடத்தில் உட்காரவைத்துத் தமிழ் சொல்லிக்கொடுப்பதும் நான். ரோஸ் பெல்லில் இது எல்லோருக்கும் தெரியும், நாகலிங்கத்தைத் தவிர. லாரி வைத்திருப்பவனுக்கு ஞாபகம் தேவையில்லை போலிருக்கிறது.

மாதக் கடைசியில் இந்தியாவிலிருந்து ஒரு சாமியார் இந்தத் தீவுக்கு வருகிறாராம். அவர் முன்னால் நம் பிள்ளைகள் தமிழிலேயே பேச வேண்டுமாம். அதனால் இன்றுமுதல் கூடத்துக்குள், பிள்ளைகள் வீட்டில் பேசுகிற க்ரியோல் கூடாது. எது வேண்டுமானாலும் பிள்ளை தமிழில் கேட்க வேண்டும், கேட்டால்தான் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தை நாகலிங்கம் எந்த மொழியில் போட்டான்? க்ரியோலில். “இசி, ஸிஸ் தமூல்” என்று மேசையைத் தட்டினான். இங்கே தமிழ் மட்டும் என்பதைத் தமிழில் சொல்ல அவனுக்குத் தெரியாது. யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

“மிஸ்யே வீரசாமிக்கு என்ன வேடிக்கை?” என்றான்.

எனக்கு மேலே ஒரு டைரக்டர் அம்மாவும் வந்தாயிற்று. அவன் மருமகள் ருக்மணி. கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நல்ல தமிழ். க்ரியோலில் ஒரு சொல் தெரியாது. மதராஸில் படித்துவிட்டு வந்தவன் நான். தலைமை ஆசிரியர் வேலையை என்னைவிடக் குறையப் படித்தவனுக்குக் கொடுத்தார்கள். இப்போது நான் ஆரம்பித்த இடத்திலும் நான் இரண்டாவது ஆள்.

கூடத்து ஆயா ஜோசெட், க்ரியோல்காரி, அவளுக்கு இனிமேல் பின்கட்டில் துணி துவைக்கும் வேலை மட்டும். முதல் நாளிலிருந்து இந்தப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவள். ‘தாந்தீன், தாந்தீன்’ என்று, அத்தையைக் கூப்பிடுவதுபோல, அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சுற்றுவார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாதாம். கமிட்டியில் யாருக்குத் தெரியும்?

அக்டோபர் 4

கூடம் அமைதியாக இருந்தது. நாகலிங்கம் எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல ஒழுங்கு என்றான். மூன்று வயதுப் பிள்ளைகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் ஒழுங்கா?

அக்டோபர் 6, வியாழன்

பள்ளிக்கூடம் முடிந்து நேராகக் கூடத்துக்குப் போனேன். வாசலில் சின்னக் கோபாலன் இரண்டு காலையும் பின்னிக்கொண்டு நின்று “அரோகரா, அரோகரா” என்று கத்திக்கொண்டிருந்தான். ருக்மணி கைகூப்பிக்கொண்டு அவன் முன்னால் நிற்கிறாள். கண் கலங்கியிருக்கிறது.

“பாருங்க சார், இந்த வயசுல என்ன பக்தி.”

பின்கதவிலிருந்து ஜோசெட் தலையை நீட்டினாள். கையில் சோப்பு நுரை. க்ரியோலில் என்னிடம் சொன்னாள்: “அவன் சாமி கும்பிடல, மிஸ்யே. அவனுக்கு ஒண்ணுக்கு வருது. அவனுக்குத் தெரிஞ்ச தமிழ் அவ்வளவுதான், பாவம்.”

நான் ருக்மணிக்குச் சொல்லி முடிப்பதற்குள் தரை நனைந்துவிட்டது. ஜோசெட் சிரித்தாள். ருக்மணியும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். கெட்ட பெண் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல், திட்டவும் வழியில்லை.

“நாலு வார்த்தையாவது க்ரியோல் கத்துக்கோம்மா” என்றேன்.

“கேட்டேன் சார். மாமா கூடாதுன்னுட்டார். கத்துக்கிட்டா நானும் பிள்ளைங்ககிட்ட அதையே பேசிடுவேனாம்.”

அவன் வீட்டில் அவனும் பெண்டாட்டியும் பிள்ளைகளும் நாய்க்குட்டியிடம்கூடக் க்ரியோல்தான். ஊருக்குக் காட்ட ஒரு தமிழ் மருமகள்.

அக்டோபர் 8

புரட்டாசிச் சனி. பெரிய கூட்டம். கார்தெரிப் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தினார்கள். பூசாரி மருதை ஒவ்வொரு கையிலும் தீர்த்தம் விட்டார், பிள்ளைகள் உறிஞ்சிக் குடித்துவிட்டுத் தலையில் தடவிக்கொண்டார்கள். நாகலிங்கத்துக்குப் பரிவட்டம். எனக்குக் கூட்டத்தில் கடைசித் தூண்.

அக்டோபர் 10, திங்கள்

நள்ளிரவு ஆகிறது. இருந்தாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

நான் போனபோது ருக்மணி சந்தோஷமாக ஓடி வந்தாள். “சார், கரும்பு வெட்டப் போற சின்னம்மான்னு ஒருத்தி, அவ பொண்ணு காமாட்சி இருக்காளே, அவ இன்னிக்கு என்ன செஞ்சா தெரியுமா? காலையிலேர்ந்து தீர்த்தம் வேணும்னு கேக்கறா. நான் கோயில்லேர்ந்து வாங்கிட்டு வந்து உத்தரணியால கையில விட்டேன். குடிச்சிட்டுத் திரும்பத் திரும்பக் கேக்கறா. தீர்த்தம், தீர்த்தம்னு. மாமாகிட்ட சொல்லி அனுப்பினேன், அவரே வந்து பாத்துட்டுப் போனார். சாமியார் முன்னாடி இவளைத்தான் நிறுத்தணும்னார்.”

நான் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன்.

“குழந்தை எங்கே?”

“தூங்கறா.”

தூக்கமா அது? மூலையில் பாயில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது. பாய் முழுக்க நாற்றம். நான் குனிந்து காதருகில் “திலோ?” என்றேன். கண்ணைத் திறந்தாள். அந்தப் பார்வையை நான் எழுத முடியாது. தண்ணீருக்கு அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த சொல் திலோ. அதைச் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தமிழில் கேள் என்றார்கள். கோயிலில் கையில் விடுகிற தண்ணீருக்குத் தமிழில் பெயர் தீர்த்தம் என்பது அவளுக்குத் தெரியும், சனிக்கிழமைதான் குடித்தாள். சரியாகத்தானே கேட்டிருக்கிறாள்? வேறு எப்படிக் கேட்பாள்? குடம் முழுக்கத் தண்ணீர் அங்கேயே இருந்தது. ஒரு கரண்டி ஒரு கரண்டியாக விட்டிருக்கிறார்கள், பாவிகள், ஒரு கரண்டி.

ஜோசெட்டைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு ஓடிவந்தாள். விடியற்காலையில் சின்னம்மா பிள்ளையை விட்டபோதே சொல்லியிருக்கிறாள்: ராத்திரியிலிருந்து வயிற்றுப்போக்கு, தண்ணீர் கொடுத்துக்கொண்டே இரு என்று. ஜோசெட் அதை ருக்மணியிடம் சொல்லியிருக்கிறாள். வயிற்றைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். ருக்மணி சிரித்துக்கொண்டே “சரி சரி” என்று தலையாட்டியிருக்கிறாள். பிள்ளைக்குப் பசி என்று நினைத்தாளாம்.

“உள்ள போகக்கூடாதுன்னாங்க, மிஸ்யே. நான் சொல்லியாச்சு, அந்தம்மா பாத்துக்குவாங்கன்னு ஆத்துக்குத் துணி எடுத்துட்டுப் போயிட்டேன். ஐயோ, போன் தியே, கடவுளே.”

கொடுத்த தண்ணீர் எல்லாம் வாந்தியாக வந்தது. நான் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். ஒரு கார் நின்றது. ஆஸ்பத்திரியில் ஊசி, குழாய். சின்னம்மா வயலிலிருந்து அப்படியே வந்தாள், முழங்கால்வரை மண்ணும் தலையில் கட்டின துணியுமாக. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்டோபர் 11

பிழைத்துவிடுவாள். டாக்டர் க்ளெமான் சொன்னார்: “உடம்பில் தண்ணீரே இல்லை. ஒரு இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்ட குழந்தை எப்படி இந்த நிலைக்கு வந்தது?” நான் பிரெஞ்சில் பதில் சொல்லத் தெரிந்தவன். ஆனாலும் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அக்டோபர் 12, புதன்

அவசரக் கூட்டம். எல்லாம் க்ரியோலில் நடந்தது, நான் தமிழில் எழுதுகிறேன்.

நாகலிங்கம் எடுத்த எடுப்பிலேயே தீர்ப்புச் சொன்னான். “புரட்டாசி மாசத்துல அந்தப் பொம்பளை ஜோசெட் பிள்ளைக்கு உப்பு மீன் குடுத்திருக்கா. அதான் வயிறு கெட்டுப்போச்சு. சாமி குத்தம் வேற.”

“யார் பார்த்தது?” என்றேன்.

“வாசனை வந்தது.”

“உன் மருமகள் கையிலிருந்து தீர்த்தம் வாங்கிக் குடித்தே அந்தப் பிள்ளை காய்ந்துபோயிற்று. அது தண்ணீர் கேட்டது, நாகலிங்கம். அதற்குத் தெரிந்த தமிழில் கேட்டது. நீ போட்ட சட்டப்படி கேட்டது.”

ஒரு நிமிஷம், ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு பொருளாளர் ஐயாசாமி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “வீரசாமி, நாற்காலி போன வயித்தெரிச்சலை இதுலயா கொட்டுவே?” என்றான். அவ்வளவுதான். சிரிப்பு. நாகலிங்கமும் சிரித்தான். “குழந்தை பக்தியா தீர்த்தம் கேட்டுது. அதையும் அசிங்கப்படுத்தறான் பாரு. உனக்கு முருகனே தலைவரா வந்தாலும் பிடிக்காதுடா.”

ஜோசெட்டை வேலையிலிருந்து நீக்கினார்கள். எதிர்த்துக் கை தூக்கியவன் நான் ஒருவன்.

மடையர்கள். திருடர்கள். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவனுக்காவது குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று தமிழில் கேட்கத் தெரியுமா? ஐயாசாமிக்கும் தீர்த்தம்தான் தெரியும்.

அக்டோபர் 13, வியாழன்

பஸ் நிற்கும் இடத்தில் உப்பு மீன் விஷமாகிவிட்டது. ‘க்ரியோல்காரி நம்ம பிள்ளைக்கு விஷம் வெச்சுட்டா’ என்று ஒருவன் சொல்ல இன்னொருவன் தலையாட்டுகிறான். போன வருடம் மே மாதத்தில் க்ரியோல்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த அடிதடியை எல்லோரும் மறந்துவிட்டார்களா? அல்லது மறக்காததால்தானா? சுதந்திரம், எலெக்ஷன் என்று ஆளாளுக்குக் கட்சி கட்டிக்கொண்டு முறைத்துக்கொண்டிருக்கிற நேரம் இது.

மாலையில் ஜோசெட் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் கண்ணாடி உடைந்து அட்டை வைத்து அடைத்திருக்கிறது. அவள் புருஷன் பெயர் கீ, சர்க்கரை மில்லில் வேலை செய்கிறவன். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டான்.

“கோவிச்சுக்காதீங்க, மிஸ்யே. அவருக்கு இப்ப உங்க ஆளுங்க மூஞ்சியே ஆகாது.”

“நான் கூட்டத்தில் பேசினேன், ஜோசெட்.”

“தெரியும். சிரிச்சாங்களாமே.” அவளும் லேசாகச் சிரித்தாள். “எங்க வீட்டுல உப்பு மீன் வாங்கி ரெண்டு மாசமாச்சு. குடுக்கறதா இருந்தா நான் தின்னுட்டுல்ல மிச்சத்தைக் குடுப்பேன்?”

பிறகு குரல் மாறிவிட்டது. மயேபூருக்கு அக்காள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று கீ சொல்கிறானாம். போனால் குற்றத்தை ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும். இருந்தால் அடுத்த கல் கண்ணாடியோடு நிற்காது. “காமாட்சி எப்படி இருக்கா?” என்று கேட்டாள். தேறிவருகிறாள் என்றேன். சிலுவை போட்டுக்கொண்டாள்.

அக்டோபர் 14

ருக்மணி கோயிலுக்கு வருகிற சாக்கில் என்னைப் பார்த்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“நான்தான் சார். அந்தம்மா ஒண்ணும் பண்ணலை. மாமாகிட்ட சொன்னேன். வெளியில வாயைத் திறந்தா ஊருக்குக் கப்பல் ஏத்திடுவேன்னார். நான் என்ன சார் பண்ணட்டும்?”

வாழாவெட்டியாகக் கும்பகோணத்தில் போய் இறங்கினால் இந்தப் பெண் கதி என்ன? நீ சொல்லாதே என்றேன். யாராவது சொல்லத்தானே வேண்டும் என்றாள். அவளைக் கோயிலுக்குள் அனுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 16, ஞாயிறு

காலையிலிருந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரெஞ்சில்.

முதலில் எழுதியது மிக நன்றாக வந்தது. நாகலிங்கத்தின் தோலை உரித்திருந்தேன். அவன் லாரி, அவன் பரிவட்டம், அவன் தமிழ். தலைமை ஆசிரியர் வேலை எனக்கு எப்படிக் கிடைக்காமல் போயிற்று என்பதுகூட எப்படியோ உள்ளே வந்துவிட்டது. படித்துப் பார்த்தேன். ஜோசெட் கடைசிப் பத்தியில்தான் வருகிறாள். காமாட்சி ஒரே ஒரு வரி.

கிழித்தேன்.

மறுபடி எழுதினேன். ரோஸ் பெல்லில் ஒரு கூடம். தமிழில் கேட்டால்தான் கிடைக்கும் என்று ஒரு சட்டம். தாகமெடுத்த ஒரு பிள்ளை, தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னது. அந்தச் சொல்லைக் கேட்டவர் வேறு பொருள் கொண்டார், அவர்மேல் குற்றம் இல்லை. தண்ணீர் கொடுங்கள் என்று காலையிலேயே சொன்னவள் வேலைக்காரி. அவள் வீட்டில் இப்போது கல் விழுகிறது. டாக்டரைக் கேட்டால், குழந்தை உடம்பில் விஷம் இல்லை, தண்ணீர்தான் இல்லை என்று சொல்லுவார். இவ்வளவுதான். யார் பெயரும் இல்லை. நாகலிங்கத்தின் பெயரை அடிக்கும்போது பேனா ஓடவில்லை. ஆனாலும் அடித்தேன். அவன் பெயர் இருந்தால் இது எங்கள் இருவர் சண்டையாகிவிடும்.

பிறகு கடைசியில் கையெழுத்து. ‘வீரசாமி, ஆசிரியர்’ என்று எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடிதம் வந்த பத்திரிகையைப் பிரித்ததும் ஐயாசாமி என்ன செய்வான்? முதலில் அடியில் பார்ப்பான். ‘ஓ, வீரசாமியா’ என்பான். மேலே உள்ளதைப் படிக்கவே மாட்டான். யாருமே படிக்க மாட்டார்கள். இத்தனை வருடம் எல்லோரோடும் சண்டை போட்டு நான் சேர்த்து வைத்த பெயர், ஒரு பெண்ணுக்குச் சாட்சி சொல்லக்கூட உதவவில்லை.

பயம் இல்லையா என்றால், இருக்கிறது. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன். ஆனால் பயத்துக்காக மட்டும் இல்லை.

கடைசி வரியை அடித்துவிட்டு, முழுவதையும் புதுத் தாளில் திருப்பி எழுதினேன். இங்கே தபாலாபீஸில் என் எழுத்தைத் தெரியும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் பக்கத்து டவுன் கூர்பிப்புக்குப் போய் அங்கே பெட்டியில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிறேன். கையெழுத்து இல்லாமல்.