மூன்றாம் தூணின் எண்

மார்ச் 3
ஆற்றில் வெள்ளம் வந்து பழைய இரும்புப் பாலத்தை அடித்துக்கொண்டு போனதே, அதற்கு மறுவருடம் இந்தப் பாலத்துக்குக் காங்கிரீட் போட்டோம். எங்கள் தெருவுக்கு முதல் டெலிவிஷன் வந்ததும் அந்த வருடம். என் மகன் பிறந்ததும் அந்த வருடம். அந்த வேலையில் நாங்கள் மொத்தம் பதினோரு பேர்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எண் மட்டும் தெரியும், சிமெண்ட் மூட்டை எண்ணிப் பழகியது.

இப்போது அதே பாலத்தடியில் காவல் வேலை. மூன்றாம் தூணில் கறுப்புப் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். கார்பன் நாரும் பசையும் சேர்த்துச் செய்தது. தூண் மயிரிழை விரிந்தாலும் பட்டை இழுபடும். அதில் ஓடும் கரண்டு தடைபடும். அதோடு கம்பி இணைத்த பெட்டியில் எண் ஏறும். பட்டையே நோவைச் சொல்லிவிடும். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

மார்ச் 9
பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் மீட்டர்காரர் காலை எட்டு மணிக்கு வருகிறார், பொத்தானை அமுக்குகிறார், எண் சைபராகிறது. மறுநாள் காலை மறுபடி ஏறி நிற்கிறது. மூன்று, மூன்று, நான்கு, நான்கு, ஐந்து. தினமும் அழித்தால் மொத்தம் யாருக்குத் தெரியும்?

"வெயில்ல ஏறும் பெருசு. சைபர்ல வச்சுத்தான் நாளை ஆரம்பிக்கணும்னு எனக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க," என்றார்.

வெயிலில் ஏறியது ராத்திரிக் குளிரில் இறங்க வேண்டாமா?

மார்ச் 14
ஏழு.

மார்ச் 17
ஒன்பது. மகன் ஓட்டும் பஸ் நாளைக்கு ஆறு தடவை இந்தப் பாலத்தில் போகிறது. கடைசிச் சக்கரம் தாண்டும்வரை நான் மூச்சு விடுவதில்லை. அவன் என்னைப் பார்த்துக் கையாட்டுகிறான், படுபாவி.

சாப்பிடும்போது சொன்னேன்.

"மீட்டர்காரருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சாப்பா? பஸ்ஸ ஆத்துல மிதக்க விடவா?" என்று சிரித்தான்.

மார்ச் 20
பதினொன்று. எனக்கு ஏன் இந்தப் பயம் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிடட்டுமா? — எந்த வாயால்?

மார்ச் 22
சொல்கிறேன். மூன்றாம் தூண் பாதி நிரம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நிறுத்தினோம். மறுநாள் பழைய காங்கிரீட்டின் மேல்முகத்தை உளியால் கொத்தி, சொரசொரப்பாக்கி, கழுவிவிட்டுத்தான் புதிதைப் போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டாது. அந்த வேலை ஒருத்தன் பொறுப்பு. அவன் கொத்தவில்லை. தண்ணீரில் கரைத்த சிமெண்ட் பாலை ஊற்றி மூடிவிட்டு, மேஸ்திரி கேட்டதற்கு "ஆச்சு" என்றான்.

மருமகளின் பேனா நின்றுவிட்டது.

"யாரு மாமா அது?"

"எழுதும்மா."

"அவர் தினம் போற பாலம் மாமா…"

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறாள்.

மார்ச் 24
பதினான்கு. பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றேன். அமுக்க விடவில்லை.

"வேல போயிடும் பெருசு, நகருங்க!"

"போகட்டும்யா. உசுரு போறதுக்கு வேல போகட்டும்."

என்மேல் புகார் சொல்ல மேலிடத்துக்குப் போன் போட்டார்.

மார்ச் 25
இன்ஜினியர் அம்மா வந்தார். "என்ன பெரியவரே கலாட்டா?"

இருபத்திரண்டு காலைகளின் எண்ணையும் வரிசையாகச் சொன்னேன். மீட்டர்காரர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் குறித்துக் கூட்டினார். நூற்று அறுபத்தாறு.

"மொத்தம் நூறு தாண்டினாலே பாலத்த மூடணும்யா," என்றார் மீட்டர்காரரிடம். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"தூண் எங்க விட்டிருக்கும்னு நெனைக்கிறீங்க?" என்று என்னைக் கேட்டார்.

தூணில் என் தோள் உயரத்தில் கை வைத்தேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கவில்லை.

ஏப்ரல் 2
பாலத்தை மூடி ஏழு நாளாயிற்று. மகன் சுற்றுவழியில் ஓட்டுகிறான். இன்று தூணைத் துளைத்து உருளையாக எடுத்தார்கள். நான் கை வைத்த இடத்தில் இரண்டு துண்டாக வந்தது. பிரிந்த முகம் வழவழவென்று இருந்தது. ஒரே ஓர் உளித்தடம்கூட இல்லை. பார்க்க வந்திருந்த மகன் அதைத் தடவிப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

இன்ஜினியர் அம்மா அறிக்கை எழுத உட்கார்ந்தார். "அன்னைக்கு வேல பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

வரிசையாகச் சொன்னேன். மேஸ்திரி மாரடைப்பில் போனார். நெட்டையன் சாரத்திலிருந்து விழுந்தான். இரட்டையர் இருவரும் ஒரே வருடத்தில் போனார்கள். கலவை போட்ட மூன்று பேர், சட்டி சுமந்த அக்கா தங்கச்சி, கம்பி கட்டுகிற ஊமையன். பத்துப் பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"கொத்த வேண்டிய ஆளு?"

அன்று காலை, மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னதும் உளியைப் போட்டுவிட்டு, சிமெண்ட் பாலை ஊற்றி, "ஆச்சு" என்று சொல்லி ஓடினான் அவன். பிறந்த பிள்ளை இப்போது என் பக்கத்தில் நிற்கிறது.

"அவன் ஒருத்தன்தாம்மா உசுரோட இருக்கான். நான்தான்."