உன் தலையணை உறை

ஈப்போவில் மகள் வீட்டில் பேரனைக் கொஞ்சிக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரிக்கு,

போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய். வீடே சிரிக்கும். அதனால்தான் எழுதி, ஈப்போவுக்கு லோரி எடுத்துப் போகும் சுகுமாறனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

"மொதல்ல அந்த மூக்கடைப்பையும் கொறட்டையையும் சரி பண்ணுங்க, அப்புறம்தான் நான் கிள்ளானுக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டுத்தானே பஸ் ஏறினாய்? போனேன். பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் அந்த டாக்டர் பெண் மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், இத்தன வருஷமா எப்படிலா தூங்கினீங்க?" என்றார்.

"நான் தூங்கினேன் டாக்டர், என் வைஃப்தான் தூங்கல" என்றேன். பொய்தான். வாய் வறண்டு நான் எழுந்து உட்கார்ந்ததையெல்லாம் நீ பார்த்திருக்கிறாய்.

இப்போது தினமும் உப்புத் தண்ணீரை ஒரு பக்க மூக்கில் விட்டு மறு பக்கம் வெளியே எடுக்கிறேன். முதல் நாள் சட்டையெல்லாம் நனைந்து, இருமிச் செத்தேன். அப்புறம் ஒரு ஸ்ப்ரே. வாயை மூடிக்கொண்டு விடியும்வரை தூங்குகிறேன். லோரி ஸ்டியரிங்கைப் பிடித்தால் கொட்டாவி வருவதில்லை.

மூக்கு திறந்ததும் வாசனையெல்லாம் வருகிறது. கிள்ளான் போர்ட்டில் டீசல், பக்கத்து வீட்டில் கருவாடு. கட்டிலில் உன் பக்கம் தேங்காய் எண்ணெயும் கொஞ்சம் தலைவலித் தைலமும். இத்தனை வருஷம் பக்கத்திலேயே படுத்திருந்தும் எனக்கு இது தெரியாது.

தூசி ஆகாதாம். படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் வாராவாரம் வெந்நீரில் துவைக்கச் சொன்னார் டாக்டர். துவைத்துவிட்டேன். உன் உறையை மட்டும் இன்னும் துவைக்கவில்லை.

வாசனை குறைந்துகொண்டே வருகிறது. சீக்கிரம் வந்துவிடு.

இப்படிக்கு,
கட்டிலில் இப்போது உன் பக்கம் படுத்துக்கொள்கிறவன்